மூடி இல்லாத பேனா

அண்ணி பொய் சொல்ல ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். சனிக்கிழமைச் சந்தையில் தகரக் கூரை போட்ட கடைகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் கடைசிக் கடை தறிக்காரியுடையது. நெய்வது தறிக்காரி, விற்பது அண்ணி. இந்த ஏற்பாடு மட்டும் இல்லையென்றால் தறிக்காரி நெய்ததையெல்லாம் தானே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தறிக்காரி என்ற பெயரை வைத்ததே அவள் வீட்டுக்காரரின் அக்காவான இந்த அண்ணிதான். கல்யாணமாகி வந்த புதிதில், தம்பி பெண்டாட்டி கட்டில், பீரோ கேட்காமல் ஒரு மரத்தறியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, "இவ பொண்ணு இல்லடா, தறிக்காரி" என்று தம்பியிடம் சொன்னாள். பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தத் தறியை மாடிப்படி வழியாக வளைத்து நெளித்து முன்னறைக்குள் கொண்டுபோகத் தோள் கொடுத்ததும் அதே அண்ணிதான். அன்றிலிருந்து இரண்டு பேரும் நகமும் சதையும்.

தறிக்காரி புது நூலில் நெய்பவள் இல்லை. நீளவாக்கில் ஓடும் பாவு மட்டும்தான் புது நூல். குறுக்கே போகும் ஊடை எல்லாம் பழைய துணி. தெருவில் யார் வீட்டில் பழைய போர்வை, திரைச்சீலை, சட்டை மிஞ்சினாலும் மூட்டையாகக் கட்டி அவள் வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் துவைத்து, இரண்டு விரல் அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, பந்தாகச் சுற்றி வைத்துக்கொண்டு நெய்வாள். தரைவிரிப்பு, சுவரில் மாட்டுகிற துணி, சோபா விரிப்பு என்று விதவிதமாக வரும். எது எந்தத் துணியிலிருந்து வந்தது என்று ஒருத்தராலும் சொல்ல முடியாது. கிழித்துப் போட்டவரே கடைக்கு வந்து, தன் சொந்தப் போர்வையைத் தடவிப் பார்த்து, "அடடா, என்ன கலரு!" என்று விலை கேட்டிருக்கிறார். தறிக்காரிக்கு அதில்தான் பெருமை.

ஆனால் விற்கத் தெரியாது, பாவம். "இது என்ன துணிங்க?" என்று கேட்டால், "பழைய பெட்ஷீட்" என்று பட்டென்று சொல்லிவிடுவாள். கேட்டவர் கையை எடுத்துவிடுவார். அண்ணி அப்படியா? அண்ணி அள்ளிவிடுவாள். பச்சை விரிப்பைக் காட்டி, ஒரு நாடகக் கம்பெனியின் திரைச்சீலை அது, அரை நூற்றாண்டாக அதன் பின்னால் ராணிகள் அழுதிருக்கிறார்கள் என்பாள். மஞ்சள் விரிப்பு ஒரு டாக்டர் தம்பதி காதலிக்கும்போது பிடித்துக்கொண்டு நின்ற குடைத் துணியாகிவிடும். பக்கத்தில் நிற்கிற தறிக்காரிக்கு முகம் சிவக்கும். குனிந்து எதையாவது மடித்துக்கொண்டிருப்பாள்.

"ஏன் அண்ணி இப்படி வாய் கூசாம சொல்றீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நான் எங்கடி பொய் சொன்னேன்? குடைக்குக் கீழ யாராவது காதலிச்சுத்தான் இருப்பாங்க. எந்தக் குடைன்னுதான் தெரியாது. வாங்குறவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறாங்க."

எப்படியோ சாயங்காலம் சரக்கெல்லாம் விற்றுக் கடை காலியாகிவிடும்.

அந்த அண்ணியின் வீட்டுக்காரர்தான் கோடைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். மின்சார மீட்டர் கணக்கெடுக்கிற வேலை அவருக்கு. வீடு வீடாகப் போய், எட்டிப் பார்த்து, எழுதிக்கொண்டு, அடுத்த வீடு. தினமும் வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் பேனா. அந்தப் பேனாவுக்கு மூடி இருந்து யாரும் பார்த்ததில்லை. எந்த வீட்டு மீட்டர் பெட்டி மேல் வைத்தாரோ, எந்தப் படிக்கட்டில் விட்டாரோ, வாங்கின அன்றே மூடி காணாமல் போய்விடும். அண்ணி சட்டையைத் துவைக்கக் கையில் எடுக்கும்போதெல்லாம் வீடு ரெண்டுபடும். "ஒரு மூடியைப் பத்திரமா வச்சுக்கத் துப்பு இல்ல, இவர் ஊருக்கே கணக்கெடுக்கறாராம்!" மறுநாள் இன்னொரு பேனாவோடு கிளம்புவார். ஒரு காலை வேளையில் யாரோ ஒருவர் வீட்டு வாசற்படியில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து அண்ணி ஒரு மூட்டையோடு வந்தாள். பெட்ஷீட்டில் கட்டிய மூட்டை.

"அவர் சட்டை எல்லாம். என் வீட்டுல இருந்தா நான் தினம் திறந்து பாத்துட்டு உக்காந்துடுவேன். வேற வேலை ஓடாது. இங்க பரண்ல போட்டு வை. நானா கேக்குற வரைக்கும் எடுக்காதே."

"நான் எதுக்கு அண்ணி தொடப்போறேன்?" என்றாள் தறிக்காரி. மனசாரத்தான் சொன்னாள்.

பிறகு கோடை வந்தது. தறிக்காரிக்குக் கோடைதான் அறுவடைக் காலம். வெயிலில் துணி சீக்கிரம் காயும், சந்தைக்கு வெளியூர்க்காரர்கள் வருவார்கள், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சரக்கு வேண்டும். முன்னறை ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்து, மின்விசிறிக்கு முதுகைக் கொடுத்து, விடிந்ததிலிருந்து தறியில் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரம் பார்த்துத்தான் பரணில் கரையான் ஏறியது. தறிக்காரியின் வீட்டுக்காரர் நல்ல மனுஷன், ஒரு வேலையில் இறங்கினால் கண் மண் தெரியாது. பரணில் இருந்த அத்தனை மூட்டையையும் இறக்கி முன்னறையில் குவித்தார், மருந்து அடித்தார். வெளியில் வெயிலில் உலர்த்திவிட்டுத் திரும்ப ஏற்றுவதற்காக ஒரு மூட்டையைத் தனியாக எடுத்து வைத்தார். அது அக்காவின் மூட்டை என்று அவர் நினைத்தார். அது யாரோ போட்டுவிட்டுப் போன பழைய திரைச்சீலை.

தறிக்காரி ஒரு துணியையும் நின்று பார்ப்பதில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் எப்போது கிழிப்பது? கத்தரியை எடுத்து முதலில் பொத்தான்களை டப்பாவில் தட்டுவாள். கழுத்துப்பட்டை, கைப்பட்டை, பை ஆகியவற்றை வெட்டித் தள்ளுவாள். தையல் தடித்த இடம் கிழியாது, நெசவில் முண்டும். மிச்சத்தைச் சலவைச் சோடாத் தண்ணீரில் கொதிக்கவிடுவாள். இப்படித்தான் அந்த வெள்ளைச் சட்டைகளும் கொதித்தன.

கொடியில் காயப்போடும்போது பார்த்தாள். வெள்ளையில் ஆங்காங்கே வெளிர்நீலம். கறை கரைந்து பரவி, ஓரம் மங்கியிருந்தது. சாயத்தொட்டியில் நாள் முழுக்க முக்கி எடுத்தாலும் அப்படி ஒரு நீலம் வராது. கறை எப்படி வந்தது என்று அவள் யோசிக்கவே இல்லை. அவளிடம் வருகிற துணியில் இல்லாத கறையா? நீலம் பட்ட கீற்றுகளைத் தனியாகச் சுற்றி வைத்து, வெள்ளைக்கு நடுவில் எங்கே ஒரு சொட்டு விழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்து நெய்தாள். மூன்று விரிப்பு வந்தது. அந்தக் கோடையில் அவள் நெய்ததிலேயே உருப்படியானவை அந்த மூன்றுதான்.

சந்தையில் விரித்துப் போட்டதும் அண்ணி பக்கத்தில் வந்தாள். உள்ளங்கையால் ஒரு தடவை நீவினாள்.

"தறிக்காரி, இதுல என்னமோ இருக்குடி. இதைக் கடைக்கு முன்னால கட்டு."

கட்டியதும் கதையும் பிறந்துவிட்டது. ஒரு பழைய கப்பலின் பாய் அது. நடுக்கடலில் புயல். சரக்கறையில் சாயப் பெட்டி உடைந்து பாயெல்லாம் நீலம். கப்பல் போயிற்று, பாய் மட்டும் கரையொதுங்கியது. "அந்த நீலத்தைத் தொட்டுப் பாருங்க, கடல் சில்லுன்னு இருக்கும்" என்றாள் அண்ணி. தொட்டுப் பார்த்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இரண்டு விரிப்பு அன்றே முன்பின் தெரியாத வெளியூர்க்காரர்களோடு போய்விட்டது. மூன்றாவதை அடுத்த தெருப் பல் டாக்டரம்மா வாங்கிக்கொண்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, கடையைக் கட்டும்போது அண்ணி சொன்னாள்.

"அந்த மூட்டையை எடுத்து வைடி. புதன்கிழமை வர்றேன். தூக்கமே வரமாட்டேங்குது. ஒரு சட்டையைத் தலகாணி மேல போட்டுப் படுத்தா வரும்னு தோணுது. பைத்தியக்காரத்தனம்தான். இருந்தாலும் இப்பத் தைரியம் வந்திருக்கு, பாத்துடலாம்."

"சரி அண்ணி" என்றாள் தறிக்காரி.

வீட்டுக்கு வந்து பரணில் ஏறி மூட்டையை அவிழ்த்தாள். திரைச்சீலை. பூப்போட்ட திரைச்சீலை. ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி எல்லாம் புரிந்தது. வெள்ளை, நீலம், பேனா. ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கீழே நின்ற வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாக, "மாமா போட்டதெல்லாம் வெள்ளைச் சட்டைதானே? நாலஞ்சு பழைய சட்டை வாங்கி மூட்டை கட்டி வச்சுட்டா?" என்றார். 

"அண்ணன் சட்டையில பேனாக் கறை இருக்குமே, அதுக்கு?"

"நான் மூடி இல்லாம பேனா வச்சுட்டு ரெண்டு நாள் நடக்கறேன்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு ராத்திரி அதைப் பற்றி யோசிக்கவும் செய்தாள். ஆனால் யாருடைய சட்டையோ ஒன்றை அந்த மனுஷி தலையணையில் போட்டு முகத்தை வைத்துப் படுப்பதை நினைத்தபோது, சே, அவளுக்கே தன்னைப் பிடிக்காமல் போயிற்று.

புதன்கிழமை அண்ணி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "எங்க மூட்டை?" என்றாள். தறிக்காரி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, முழுக்கச் சொன்னாள். கரையானை இழுக்கவில்லை, வீட்டுக்காரரை இழுக்கவில்லை. "நான்தான் அண்ணி கிழிச்சேன். நான்தான் நெய்ஞ்சேன். அந்தக் கப்பல் பாய் விரிப்பு இருக்கே, அதுதான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அண்ணி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். எழுந்தாள். தண்ணீரைத் தொடாமல், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அண்ணி கடைக்கு வரவில்லை. தறிக்காரி தனியாக நின்றாள். "இது என்ன துணி?" என்று கேட்டார்கள். "பழைய போர்வை." "இது?" "லுங்கி." சாயங்காலம் வரைக்கும் ஈ ஓட்டினாள். கொண்டுபோனதையெல்லாம் அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள். விற்காமல் போனது பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்தில் பொய் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் தாங்கவில்லை. இனிமேல் அண்ணி வரவே மாட்டாளோ என்று நினைத்தபோது துணிக்குவியலுக்குப் பின்னால் குனிந்து அழுதாள். தறியில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எந்தத் துணியை எடுத்தாலும் இது யாருடையதோ என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கத்தரியைத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

வாரம் பிறந்து ஒருநாள் மத்தியானம், வெயில் கொளுத்துகிற நேரத்தில், வாசலில் அண்ணி. உள்ளே வரவில்லை.

"கிளம்பு. பல் டாக்டர்கிட்டப் போகணும்."

"பல்லு வலியா அண்ணி?"

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. விரிப்பைக் கேக்கணும்."

அண்ணி முன்னால் போனாள், தறிக்காரி நாலடி பின்னால் போனாள்.

டாக்டரம்மா விரிப்பைத் தரையில் போடவில்லை. நோயாளி சாய்ந்து படுக்கிற நாற்காலிக்கு எதிர்ச்சுவரில், சட்டம் அடித்து மாட்டியிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை பளிச்சென்றும் நீலம் ஆழமாகவும் தெரிந்தன. நாற்காலி காலியாக இருந்தது. அண்ணியைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வாங்கம்மா! உங்க கப்பல்தான் இப்ப எனக்குப் பாதி வைத்தியம் பாக்குது. ஊசி போடறதுக்கு முன்னால அந்த நீலத்தைப் பாருங்கன்னு சொல்லி, புயல் கதையை ஆரம்பிப்பேன். பாய் கரையொதுங்குறதுக்குள்ள பல்லைப் பிடுங்கிடுவேன்."

அண்ணி விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டரம்மா, அது கப்பல் பாய் இல்ல. எங்க வீட்டுக்காரர் சட்டை. அந்த நீலம் அவர் பேனா மை."

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ, கப்பலை விட இது நல்லா இருக்கே! ஒன்னை விட ஒன்னு தூக்கலாச் சொல்றீங்கம்மா. மீதியையும் சொல்லுங்க, நாளைக்கு இதையே வச்சுக்கறேன்."

அண்ணியின் முகத்தை அந்த நேரத்தில் பார்த்திருக்கக் கூடாது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துணியைப் பற்றி உண்மையைச் சொல்லியிருக்கிறாள், கேட்க ஆள் இல்லை. அண்ணி உதடு துடிப்பதைத் தறிக்காரி பார்த்தாள். வாயில்லாப் பூச்சி என்று பெயர் வாங்கியவள் அப்போது முன்னால் வந்தாள்.

"உண்மைதான் டாக்டரம்மா. அண்ணன் இறந்துட்டார். அவர் சட்டைங்க என்கிட்டப் பத்திரமா இருக்கட்டும்னு அண்ணி குடுத்தாங்க. நான் தெரியாம கிழிச்சு நெய்ஞ்சுட்டேன். தெரியாமத்தான் இவங்களும் வித்தாங்க. கப்பல்தான் பொய்."

தறிக்காரி பேசி டாக்டரம்மா கேட்டதே இல்லை. அதனாலேயே நம்பினார். சிரிப்பு அப்படியே வடிந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றி, விரிப்பை உருவி அண்ணியின் கையில் கொடுத்தார். "மன்னிச்சுக்கங்கம்மா. எடுத்துட்டுப் போங்க."

அண்ணி அந்த வெள்ளை நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து விரிப்பை மடியில் விரித்தாள். விரலால் தேடினாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். முகத்தில் வைத்து மூச்சிழுத்தாள். ஒரு நீலச் சொட்டில் விரலை வைத்து வெகுநேரம் இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இதுல அவர் இல்ல" என்றாள். "இதுல இவ நெசவுதான் இருக்கு. பல்லு மருந்து வாசனைதான் இருக்கு. நீங்களே மாட்டிக்கங்க டாக்டரம்மா."

"அப்ப நான் என்ன கதை சொல்றது?"

"கப்பலையே சொல்லுங்க. பல்லைப் பிடுங்குற நேரத்துல உண்மையைக் கேட்டு யாருக்கு என்ன ஆகப் போகுது?"

வெளியில் வந்ததும் அண்ணி ஒரு கட்டிட நிழலில் நின்றாள். புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகுதான் உடைந்தாள்.

"உன் மேல கோவம்னு நினைச்சுட்டியா? உன் மேல எனக்கு என்னடி கோவம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து துவைச்ச சட்டைடி அது. சண்டை போட்டுச் சண்டை போட்டுத் துவைச்ச கறை. அதை என் கையால நீவினேன். விலை பேசி, மடிச்சு, பையில போட்டுக் குடுத்தேன். என் புருஷனை நானே வித்துட்டு, கப்பல்னேன். எனக்குத் தெரியலையேடி! தெரிஞ்சிருக்க வேணாமா எனக்கு?"

"யாருக்கும் தெரியாது அண்ணி. தெரியக் கூடாதுன்னுதான் நான் நெய்யறேன். அதுலதான் இத்தனை நாளாப் பெருமைப்பட்டேன். என் வேலை அப்படி. உங்க கண்ணு மேல தப்பில்ல."

அண்ணி மூக்கை உறிஞ்சினாள். இரண்டு பேரும் நடந்தார்கள். இந்தத் தடவை பக்கம் பக்கமாக நடந்தார்கள். தெருமுனை வந்ததும் அண்ணி சட்டென்று நின்றாள்.

"ஆமா, விரிப்புல முண்டு ஒன்னும் இல்லையே. சட்டைன்னா பை இருக்குமே, கழுத்துப்பட்டை இருக்குமே. அதையெல்லாம் என்ன பண்ணின?"

தறிக்காரி அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாள் அழுதாளே, புரண்டாளே, இது ஒன்று தோன்றவில்லை பாருங்கள்! எந்தத் தறிக்காரிக்கும் தோன்றியிருக்காது. நெசவுக்கு ஆகாததை அவள் துணியாகவே நினைத்ததில்லை.

"அண்ணி, அது... நான் உக்காருற திண்டுக்குள்ள."

"எதுக்குள்ள?"

"தறிப்பலகையில போட்டிருக்கேனே, திண்டு. வெட்டின பட்டை, பை எல்லாத்தையும் அதுக்குள்ளதான் அடைப்பேன். மெத்துன்னு இருக்கும்."

"அடிப்பாவி! எங்க வீட்டு மனுஷன் மேலயா இத்தனை நாளா உக்காந்திருந்தே?"

சொல்லிவிட்டு அண்ணியே சிரித்துவிட்டாள். நடுத்தெருவில், வெயிலில், கண்ணீரோடு அப்படி ஒரு சிரிப்பு. தறிக்காரிக்கும் அடக்க முடியவில்லை. வீட்டுக்குப் போன வேகம் இருக்கிறதே, ஓட்டம்தான்.

முன்னறையில் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து திண்டின் வாயைப் பிரித்தார்கள். கொட்டினால் குவியல். பல கோடைகளின் கழுத்துப்பட்டைகள், கைப்பட்டைகள், பைகள். வெள்ளையே அதில் எத்தனையோ. தறிக்காரி ஒரு வெள்ளைப் பையை எடுத்து நீட்டினாள். "இதுவா அண்ணி?"

"இல்ல."

"இதுல நீலம் இருக்கே?"

"அது வேற யாரோ." அண்ணி அவள் கையைத் தள்ளினாள். "நீ விடு. உனக்குத் தெரியாது."

குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டாள். கடையில் துணி எடுத்துப் போடுகிற அதே வேகம். "இது இல்ல. இது இல்ல." சட்டென்று கை நின்றது. ஒரு பையை உருவினாள். அடியில் கருநீலம், சோடாத் தண்ணீர் படாத மை. மேல் மூலையில் குட்டிக் குட்டியாக நெருக்கித் தைத்த வேறு நூல்.

"இது" என்றாள். "பேனாக் கொக்கி இழுத்து இழுத்து இந்த மூலை எப்பவும் பிஞ்சுடும். நான்தான் தைப்பேன். திட்டிக்கிட்டே தைப்பேன்." மறுபடி கையை விட்டாள். "இது. இதுவும். இந்தக் கழுத்துப்பட்டை அவருது, இடது பக்கம்தான் தேயும், பாரு, தலையைச் சாய்ச்சுக்கிட்டே மீட்டர் பாப்பார். இது. இது."

ஒவ்வொன்றையும் புடவை மடியில் வைத்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. தறிக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணுக்கு அத்தனையும் வெட்டித் தள்ளிய கந்தல்தான். அந்த மடியில் ஒரு ஆள் சேர்ந்துகொண்டிருந்தார்.

"தெரியுதுடி எனக்கு" என்றாள் அண்ணி. "தெரியுது பாரு."

"தெரியுது அண்ணி."

அப்புறம்தான் அண்ணி தண்ணீர் கேட்டாள். சொம்பை அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தாள்.

தறிக்காரி திரும்பக் கத்தரியை எடுத்தாள். ஆனால் இப்போதெல்லாம் ஒரு மூட்டை வந்தால், கொண்டுவந்தவரை நிற்க வைத்து, "இது யாரோடது? அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறாள். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை சந்தையில் அண்ணி அவளுக்கு முன்னால் வந்து நின்றாள். புடவைக்கு மேல் ஒரு நீளமான முன்துணி, கடைக்காரர்கள் கட்டுவது போல. புதுத் துணி. மார்புப் பக்கம் மட்டும் ஒரு பழைய வெள்ளைப் பை தைத்திருந்தது, அடியில் நீலத்தோடு. தலையணைக்கு ஒன்று வைத்துக்கொண்டேன், தூக்கம் வருகிறது என்று மட்டும் சொன்னாள். பிறகு ஒரு பச்சை விரிப்பைப் பிரித்துப் போட்டு, நாடகக் கம்பெனி ராணிகளை அழவைக்க ஆரம்பித்தாள்.

விலைச்சீட்டு எழுத வேண்டியிருந்தது. எழுதிவிட்டுப் பேனாவைப் பைக்குள் போட்டாள். ராணிகளின் கதையை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் பதறிப்போய்க் கையை நீட்டினாள்.

"ஐயோ அம்மா, பேனாவுக்கு மூடி இல்ல. கறையாயிடும்!"

அண்ணி குனிந்து பையைப் பார்த்தாள். உள்ளங்கையால் ஒரு தடவை நீவிவிட்டாள்.

"ஆகட்டும்" என்றாள்.